வெட்டிப் பேச்சு

ஊர் எது என்று கேட்டால் திருமங்கலம் என்பேன். கேட்டவர் முகத்தில் உடனே ஒரு இளிப்பு ஓடும். "ஓகோ, ஃபார்முலா ஊரா?" பாண்டிச்சேரியில் கவிதைக் கூட்டம், திருச்சியில் தொழிற்சங்க மாநாடு, எங்கே போனாலும் இதே கதைதான். 2009 ஜனவரியில் எங்கள் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல் தமிழுக்கு ஒரு புதுத் தொடரைக் கொடுத்துவிட்டது. 'திருமங்கலம் ஃபார்முலா' என்றால் ஓட்டுக்குக் காசு. ஆளுக்கு அய்யாயிரம் ரூபாய், காலையில் வரும் செய்தித்தாளுக்குள் உறையில் வைத்துக் கொடுத்தார்கள் என்று சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் மேலிடத்துக்கு எழுதிய தந்தி, விக்கிலீக்ஸ் வழியாக 2011 மார்ச்சில் இந்து ஆங்கில நாளேட்டில் வந்தது.

சரி. நடந்தது நடந்ததுதான். நான் கேட்பது வேறு. அந்தத் தொடரில் கொடுத்தவன் எங்கே? எந்தக் கட்சி, எந்த ஊர்ப் பணம், எவன் மூளை? எதுவும் இல்லை. வாங்கினவன் ஊர் மட்டும் இருக்கிறது. இதை எங்க பெரியம்மாவிடம் சொன்னபோது அது சொன்னது: "வாங்குன கை பேரு ஊரு பூராம் தெரியுது. குடுத்த கைக்குப் பேரே இல்ல பாரு."

ஒரு மரபுத்தொடர் பிறந்து நடமாடுவதை என் வயசில் நேரடியாகப் பார்த்தது இந்த ஒன்றைத்தான். மற்றதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் பிறந்தவை. ஆனால் அவையும் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு தொடருக்குப் பொருள் என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள், பையன் எழுதி மார்க் வாங்குகிறான். அந்தப் பொருளை அதன் மேல் ஏற்றியவன் யார், ஏற்றும்போது யாரைக் கீழே இறக்கினான் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை.

போன மாசம் நடந்ததைச் சொல்கிறேன். நான் ஒரு வங்கிக் கிளையில் எழுத்தர். முதியோர் உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க ஒரு பெரியவர் வந்திருந்தார். படிவத்தை நானே நிரப்பினேன். பேர், அப்பா பேர், ஊர். தொழில்?

"வெட்டிங்கய்யா."

பக்கத்து சீட்டு ஆள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பெருசு உண்மையச் சொல்லுதுப்பா. நாங்களும் அதேதான் பெருசு, சம்பளத்தோட!" கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. எதுக்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை. அவர் சொன்னது சுடுகாட்டு வேலையை. அது அங்கே எனக்கு மட்டும் தெரிந்தது. ஏனென்றால் எங்க தாத்தாவும் வெட்டி.

தாத்தா காலையில் தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பாட்டியிடம் சொல்லும் வார்த்தை, "வெட்டிக்குப் போயிட்டு வாரேன்." அதாவது வேலைக்கு. என்ன வேலை? ஊருக்குள் மாடு செத்தால் தூக்கணும். மனுசன் செத்தால் பத்து ஊர் நடந்து கேதம் சொல்லணும், வந்து விறகு அடுக்கணும், ராத்திரி பூராம் முழித்துப் பிணம் வேகும்வரை நிற்கணும். தமுக்கடிக்கணும். அதிகாரி வந்தால் அவர் பெட்டியைச் சுமக்கணும். தபாலைத் தூக்கிக்கொண்டு தாலுகா கச்சேரிக்கு நடக்கணும். இத்தனைக்கும் கூலி என்று ஒன்று கிடையாது. அறுவடையில் களத்து மேட்டில் போய்த் துண்டை விரித்து நின்றால் மரக்கால் கணக்கில் அளந்து போடுவார்கள். அதுக்குப் பேர் என்ன தெரியுமா? சுதந்திரம். களத்துச் சுதந்திரம். கிராமத்து ஊழியக்காரனுக்கு உரிமையாக வரும் தானியத்துக்குத் தமிழில் வழங்கிய சொல் அது, பழைய ரெவின்யூ பதிவேடுகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும். ஒண்ணாப்புப் படிக்கும்போது ஆகஸ்டு பதினஞ்சுக்கு ஆரஞ்சு மிட்டாயோடு வீட்டுக்கு ஓடி "தாத்தா இன்னைக்குச் சுதந்திரம்" என்றேன். "எத்தன மரக்கா?" என்று கேட்டது தாத்தா. வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அது சரியாகத்தான் கேட்டது என்று புரிய எனக்கு இருபது வருசம் ஆனது.

இப்போது அந்தச் சொல்லைப் பாருங்கள். சோழர் கால வரிகளையும் கடமைகளையும் குறிக்கும் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில உண்டு: அந்தராயம், எச்சோறு, முட்டையாள், வெட்டி. நொபொரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் இவற்றை எண்ணிக் கணக்கெடுத்தே எழுதியிருக்கிறார்கள். வெட்டி என்றால் கூலி கொடுக்காமல் வாங்கும் கட்டாய உழைப்பு. விஷ்டி என்ற வடசொல்தான் வெட்டியானது என்பார்கள். எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன, வேலை எங்க தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தது. ஆயிரம் வருசத்துக்கு முந்திக் கல்லில் கூலியில்லா உழைப்பு என்று நின்ற சொல், இன்றைக்கு டீக்கடையில் என்ன பொருளில் நிற்கிறது? வெட்டிப் பய. வெட்டிப் பேச்சு. வெட்டியா இருக்கான். வெட்டி ஆபீசர். வேலை இல்லாதவன், சோம்பேறி, உருப்படாதவன்.

இதைவிட ஒரு அயோக்கியத்தனமான அர்த்த மாற்றத்தை எந்த மொழியில் காட்ட முடியும்? இருப்பவர்களிலேயே அதிகமாக உழைத்தவன் எவனோ அவன் உழைப்பின் பெயரே சோம்பேறித்தனத்துக்குப் பெயர். கூலி இல்லாமல் வேலை என்பது வேலையே இல்லை என்று ஆகிவிட்டது. யார் பார்வையில் அப்படி ஆகும்? கூலி கொடுக்காதவன் பார்வையில். அவன் கணக்குப் புத்தகத்தில் அந்த வேலைக்குப் பற்று எழுதவே இல்லை. பற்று இல்லாத வரவு அவன் கண்ணுக்கு வேலையாகவே தெரியவில்லை. நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன், இந்த மோசடி எனக்குச் சட்டென்று தெரியும். அகராதிக்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். 'வெட்டி வேலை' என்பதற்குக் கூலியில்லா வேலை, பயனற்ற வேலை என்று இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவில் எங்க தாத்தா செத்துக் கிடக்கிறார், அதைத்தான் யாரும் எழுதவில்லை.

'கூலிக்கு மாரடிக்கிறது' என்று ஒன்று. மனசில்லாமல் கடனுக்கு வேலை செய்கிறவனைச் சொல்வது. எங்கள் சங்கத் தலைவரே மேடையில் நாக்கில் பல் படாமல் சொல்வார்: "தோழர்களே, நாம் கூலிக்கு மாரடிக்கிறவர்கள் அல்ல!" கைதட்டல். பாட்டி மாரடித்திருக்கிறது. நிலக்காரன் வீட்டில் கிழவன் செத்தால் சேரிப் பெண்கள் போய் வாசலுக்கு வெளியே வட்டம் கட்டி நின்று மாரில் அடித்து அழணும். போகாவிட்டால் அடுத்த நாள் நடவுக்குக் கூப்பிட மாட்டான். அழுதால் கொஞ்சம் நெல்லோ பழைய சேலையோ. உயிரோடு இருந்தபோது தன்னை மனுசியாய் மதிக்காத ஒருத்தனுக்காக, ராத்திரி மார் கன்றிப்போய்த் தவிட்டு ஒத்தடம் கொடுக்கும் அளவுக்கு அடித்துக்கொண்டவளைப் பார்த்து 'இவளுக்கு மனசு ஒட்டவில்லை' என்று குறை சொல்கிறது இந்தத் தொடர். ஒட்டணுமாம். அடிக்க வைத்தவனைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

பறைக்கு நடந்தது இதுக்கு நேர் எதிர். தெருவில் பறையடித்தவனைத் தீண்டத்தகாதவன் ஆக்கினார்கள். வினைச்சொல்லை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்கள். 'தமிழனின் பெருமையைப் பறைசாற்றுகிறது' என்று எழுதாத தமிழறிஞர் உண்டா? திறப்பு விழா மலர் எதையாவது பிரித்துப் பாருங்கள், பக்கத்துக்கு ஒரு பறைசாற்றல். அந்தப் பேராசிரியரை ஒரு பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவில் சாற்றச் சொல்லுங்கள் பார்ப்போம். அரசாங்கமே தண்டோரா போட ஆள் தேடி எங்க தெருவுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. 2022 ஆகஸ்டில்தான், இனி தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்.

கடல் தாண்டிய கதையும் உண்டு. ஆங்கிலத்தில் 'பரையா' என்றால் விலக்கப்பட்டவன். 2019 நவம்பரில் அமெரிக்க அதிபர் வேட்பாளர் விவாத மேடையில் ஜோ பைடன், சவுதி அரேபியாவைப் பரையா ஆக்குவேன் என்றார். எந்த ஊர்ச் சாதியின் பெயரை வாயில் வைத்திருக்கிறோம் என்று அவருக்கு யார் சொல்வது? பறவைப் புத்தகங்களில் இன்னும் அழகு. கருடனுக்கு 'பிராமினி கைட்', ஊர்க்குப்பையில் இரை தேடும் பருந்துக்கு 'பரையா கைட்'. வானத்தில் பறப்பதற்கும் அக்கிரகாரம், சேரி. மைனாவையும் பாம்பையும்கூடப் பாப்பார மைனா, பறை மைனா என்று பிரித்துப் பேர் வைத்துப் பரப்பியதே இழிவை நிலைநிறுத்தத்தான் என்று அயோத்திதாசப் பண்டிதர் நூறு வருசத்துக்கு முன்பே எழுதிவிட்டார். நாம் இன்றைக்குச் சொல்லாடல், கட்டுடைப்பு என்று பெரிய பெரிய வார்த்தை போட்டுச் செய்கிற காரியத்தை, 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகைக்குப் பேர் வைத்தவர் ஒரு பைசாவுக்குச் செய்தார்.

நம்மவர்களுக்குள்ளேயே இதில் சண்டை இருந்தது. ரெட்டமலை சீனிவாசன் 1893ல் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசவாக எறிந்த கல்லை எடுத்துத் தலைவாசலில் பதித்த மாதிரி. அயோத்திதாசருக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பேரே எதிரி கட்டிவிட்டது, அதை நாம் சுமக்கக் கூடாது என்பது அவர் வாதம். யார் சரி? கல்லூரியில் படிக்கும்போது நான் சீனிவாசன் பக்கம் இருந்தேன். இப்போது பாதி ராத்திரியில் பண்டிதர் பக்கம் போய்விடுகிறேன். இதில் முடிவு சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒன்றில் ஒத்தவர்கள்: சொல் ஒரு சாதாரண விசயம் என்று இரண்டு பேரும் நினைக்கவில்லை.

இலக்கணத்துக்கு வருவோம். பவணந்தியின் நன்னூலைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தார் என்று சொல்லக் கூடாது, துஞ்சினார். சுடுகாடு என்று சொல்லக் கூடாது, நன்காடு. எவ்வளவு நாசூக்கு! நன்காட்டில் பிணம் எரிக்கிறவனுக்கு மட்டும் ஒரு மங்கலச் சொல் செய்ய எந்தப் புலவனுக்கும் தோன்றவில்லை. பிற்காலத்தில் செய்தார்கள். அது என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். காந்தி 'ஹரிஜன்' என்றார். அம்பேத்கர் ஏற்கவில்லை. 1938ல் பம்பாய்ச் சட்டசபையில் மசோதாவுக்குள் அந்தப் பெயரை நுழைத்தபோது தன் ஆட்களோடு வெளிநடப்புச் செய்தார். சாதிச் சான்றிதழில் ஹரிஜன் என்று எழுதாதே என்று மத்திய அரசு சொன்னது 1982ல். அப்புறம் 'காலனி'. ஆரம்பத்தில் அதுவும் மங்கலச் சொல்தான், சேரி என்று சொல்லக் கூசி இங்கிலீஷில் சொன்னது. எங்கள் பஸ்ஸில் கண்டக்டர் "காலனி ஸ்டாப் எறங்கு" என்று சொல்லும் தொனியைக் கேட்டவர்களுக்கு அது எந்த லட்சணத்தில் மங்கலமாய் இருந்தது என்று தெரியும். ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகிவிட்டது என்று சொல்லி அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. வரவேற்கிறேன். போர்டை மாற்றிய பிறகும் மயானத்துக்குப் போகும் பாதை யார் வயலில் மறிக்கப்பட்டுக் கிடக்கிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

'சேரி' மட்டும் என்ன பாவம் செய்தது? உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) கல்வெட்டுகள் பார்ப்பன சபையின் குடவோலைத் தேர்தலைச் சொல்கின்றன. தமிழன் ஜனநாயகம் என்று எல்லா மேடையிலும் பறைசாற்றுகிறார்களே, அதே கல்வெட்டு. அதில் முப்பது குடும்பு, பன்னிரண்டு சேரி. பார்ப்பனர் குடியிருந்த பகுதிக்குப் பேர் சேரி! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனியாக வரும். அப்படியானால் சேரி என்பது அன்றைக்கு எல்லாருக்கும் பொதுவான சொல், முன்னால் ஒட்டியதில்தான் விசம். ஒட்டு உதிர்ந்துபோனது, விசம் முழுக்கச் சொல்லுக்குள் இறங்கிவிட்டது. 2023ல் ஒரு நடிகை 'சேரி மொழி' என்று எழுதிவிட்டு, கண்டனம் கிளம்பியதும் பிரெஞ்சில் சேரி என்றால் அன்புக்குரிய என்று பொருள் என்றார். அந்த அம்மா உத்திரமேரூரைச் சொல்லியிருந்தாலாவது பேருக்கு ஒரு வாதமாக இருந்திருக்கும்.

சேரிக்கு எதிர்ப்பதம் ஊர். 'ஊரோட ஒத்துப் போ' என்பதைப் புத்திமதியாக நினைப்பவர்கள் எங்க பக்கத்துக்கு வரணும். எங்களுக்கு ஊர் என்றால் நாங்கள் இல்லாத இடம். "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்றுதான் எங்க ஆள்கள் சொல்வார்கள், ஊரிலேயே பிறந்து ஊரிலேயே சாகிறவர்கள். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி. 1996ல் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருசம் அங்கே ஒழுங்காக ஒரு தலைவர் இருக்க முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, ஆள் நின்று ஜெயித்தால் பதவியேற்ற கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அது உடைந்தது. அந்தப் பத்து வருசமும் அங்கே வேலை செய்தது துப்பாக்கியோ அரிவாளோ மட்டுமில்லை, 'ஊரோட ஒத்துப் போ' என்ற மூணு வார்த்தையும்தான். அதற்குப் பத்திரிகைகள் வைத்த பேர் ஊர்க்கட்டுப்பாடு. கட்டுப்பாடாம், என்னமோ பத்தியம் இருக்கிற மாதிரி.

இன்னொன்றும் சொல்லியாகணும், கோபம் வந்தாலும் பரவாயில்லை. அதே சீமையில்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகைச் சட்டத்தை எதிர்த்த கள்ளர் மக்களை வெள்ளைக்காரன் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஒரு சாதியையே பிறவிக் குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதிய சட்டம் அது. போலீஸ் பதிவேட்டில் வைத்த இங்கிலீஷ்ப் பட்டத்தின் முதல் எழுத்துகள்தான் இன்றைக்குத் தமிழில் 'கேடி'. ஒரு சொல் தலைமுறை தலைமுறையாக எப்படி முதுகில் ஏறி உட்காரும் என்பது அந்த மக்களுக்குத் தெரியும். தெரிந்தவர்கள் எங்க மேல் அதையே ஏற்றும்போதுதான் வலி கூடுகிறது.

முற்போக்கு நண்பர்கள் ஒருவகை உண்டு. "தோழர், இதெல்லாம் நாட்டார் வழக்காறு, மக்கள் செல்வம், யாரும் உள்நோக்கத்தோடு சொல்வதில்லை" என்பார்கள். பெர்சிவல் பாதிரியார் 1874 பதிப்பில் தொகுத்த பழமொழிகள் ஆறாயிரத்துக்கும் மேல். அதில் சாதிப்பெயர் வருவதை மட்டும் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். பறையன் பொங்கலிட்டால் பகவானுக்கு ஏறாதா என்று நம்ம பக்கம் பேசுவது போல ஒன்று இருக்கும். அதிலும் சந்தேகமாகக் கேட்டுத்தான் கொடுப்பார்கள். அம்பட்டன் குப்பையைக் கிளறுவார்கள். வண்ணாத்தியின் ஆசையைக் கழுதை மேல் வைப்பார்கள். சாமைக்கதிரையும் எங்க அருந்ததிய வீட்டுப் பெண்ணையும் சேர்த்துச் சொல்வதை இங்கே அச்சடிக்க மாட்டேன், உங்களுக்கே தெரியும். பார்ப்பானையும் செட்டியையும்கூடத்தான் பழமொழி கேலி செய்கிறது என்று அடுத்த வாதம் வரும். செய்கிறதுதான். அந்தக் கேலியால் எந்தப் பார்ப்பானுக்கும் டீக்கடையில் தனிக்குவளை வைக்கவில்லையே. எங்கள் கிழவர்கள் சொன்ன ஒன்றும் உண்டு: பார்ப்பானுக்கு மூத்தவன் பறையன், கேட்பாரில்லாமல் கீழ்ச்சாதி ஆனான். இது மட்டும் ஏன் எந்தப் பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டிலும் வருவதில்லை?

என் கையும் சுத்தமில்லை. கல்லூரி மலரில் நான் எழுதிய முதல் கவிதையில் வெயிலைச் 'சண்டாள வெயில்' என்று வைதிருந்தேன். நல்ல படிமம் என்று பேராசிரியர் பாராட்டினார், நானும் ரெண்டு நாள் மிதந்தேன். சண்டாளர் என்பது தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கும் ஒரு சாதியின் பெயர் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. 2024 ஜூலையில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையம், அந்தப் பெயரை வசவாக மேடையிலும் பாட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தினால் வன்கொடுமைச் சட்டம் பாயும் என்று எச்சரித்த பிறகுதான் பழைய மலரைத் தேடி எடுத்தேன். மற்றவனை வையக் கிளம்பியவன் என் சொந்தக்காரனை வைதிருக்கிறேன்.

அதற்காகச் சொல்லையெல்லாம் தடை செய் என்று நான் கேட்கவில்லை. வெட்டி என்ற சொல் எனக்கு வேண்டும். அது எங்க தாத்தாவின் சம்பளச் சீட்டு. அடுத்தவன் "வெட்டியா இருக்கியா?" என்று கேட்கும்போது "இல்ல, வெட்டின்னா சம்பளம் குடுக்காம வாங்குன வேல, பாக்கி நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் விடுதியில் சொல்லிப் பாருங்கள், தோழர்கள் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். முதலில் சிரிப்பார்கள். நான் ஒரு வருசமாய்ச் சொல்கிறேன், ரெண்டு பேர் என்னோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறார்கள், மூணு பேர் வேறு சொல் தேடுகிறார்கள்.

அன்றைக்குக் கவுண்டரில் அதைச் சொன்னேனா என்று கேட்பீர்கள். பக்கத்து சீட்டு ஆளிடம் சொன்னேன், அப்புறம், சாப்பாட்டு நேரத்தில், மெதுவாக. பெரியவர் முன்னால் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் தொழில் என்ற இடத்தில் ஒரு பட்டியல் விழும்: விவசாயம், வியாபாரம், அரசுப் பணி, தனியார் பணி, ஓய்வு பெற்றவர், இல்லத்தரசி, மாணவர், மற்றவை. பெரியவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "உக்காருங்க தாத்தா" என்றேன், உட்காரவில்லை. எத்தனை வருசமாய் இந்த வேலை என்று கேட்டேன். "வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்துங்கய்யா" என்றார். 'மற்றவை' என்பதை அழுத்தினேன். கட்டைவிரலில் மை தடவி ரேகை வாங்கினேன். தேய்ந்துபோன விரல், மூணு தடவை வைத்தும் சரியாக விழவில்லை.